ஓய்வு என்று ஒரு கட்டம்

என் பிழைப்பு நண்டு எண்ணுவது. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

மூன்றாவது மாடியில், ஜன்னல் திறக்காத ஓர் அறை. எதிரே இரண்டு திரைகள். கடலுக்கடியில் வைத்த கேமரா பிடித்த படம் வாரம் ஒருமுறை வரும். ஓடவிட்டுப் பார்த்து, கண்ணில் படுகிற ஒவ்வொரு நண்டுக்கும் படிவத்தில் ஒரு டிக் போட வேண்டும். கட்டங்கள் நான்கு: நகர்தல், இரை தேடல், சண்டை, ஓய்வு. ஐந்தாவது கிடையாது. ஆபீஸில் எனக்கு நண்டக்கா என்று பெயர். வைத்தவன் யாரென்று தெரியும், அவனை ஒருநாள் கவனித்துக்கொள்கிறேன்.

படம் பிடிப்பது ஒரு கேபிளின் பக்கத்தில். தூரத்துத் தீவில் சுற்றுகிற காற்றாலைகளின் மின்சாரம் அதன் வழியாகத்தான் எங்கள் ஊருக்கு வருகிறது. வழியெல்லாம் மணலில் புதைத்துவிட்டார்கள். விரிகுடாவின் வாயில் மட்டும் பாறை என்பதால் அதன் மேலேயே கிடக்கிறது. அங்கே கடல் உயிர்கள் எப்படி இருக்கின்றன என்று பார்த்துச் சொல்வது எங்கள் ஆபீஸின் வேலை. நல்லபடியாகச் சொன்னால் பக்கத்திலேயே இன்னும் இரண்டு போடுவார்கள். சொல்லிவிட்டோம். அறிக்கையின் ஒன்பதாம் பக்கம்: ‘நண்டுகள் கேபிளின் அருகே அதிக நேரம் ஓய்வெடுக்கின்றன. இவ்விடம் அவற்றுக்கு உகந்ததாக உள்ளது.’ கீழே என் கையெழுத்து.

அதே விரிகுடாவில் கூண்டு போட்டு நண்டு பிடிப்பவன் என் தம்பி. அவனுக்கு வேறு தொழில் தெரியாது, தெரிந்துகொள்ளும் எண்ணமும் இல்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வந்தவன் தட்டில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தான். இரண்டு வருடமாகக் கூண்டில் இளசு விழுவதே இல்லையாம். கிழட்டு நண்டு நாலு, அப்புறம் வெறும் கூண்டு. இன்னும் ஒரு வருடம் இப்படியே போனால் படகைக் கரையேற்றிவிட வேண்டியதுதான் என்றான்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எங்கள் படத்தில் நண்டு கொள்ளை கொள்ளையாக இருக்கிறது, அதுவும் சினை நண்டு, கேபிள் ஓரமாகச் சொகுசாக ஓய்வெடுக்கிறது, உனக்குத்தான் கூண்டு போடத் தெரியவில்லை என்று கிண்டல் செய்தேன்.

அவன் சிரிக்கவில்லை.

“எத்தனை நாளா ஒரே எடத்துல இருக்கு?”

நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

“அக்கா, சினை நண்டு ஓய்வெடுக்காது. முட்டை கறுத்துட்டா வெளிக்கடலுக்குப் போயே ஆகணும். அங்க போய் உதறினாத்தான் குஞ்சு பொழைக்கும். விரிகுடா வாசல்லயே உக்காந்திருக்குன்னா அது உக்காரல. ஏதோ புடிச்சு வச்சிருக்கு.”

திங்கட்கிழமை காலை பழைய படங்களை எடுத்தேன். இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நாங்கள் படத்தை எட்டு மடங்கு வேகத்தில்தான் ஓடவிடுவோம். நகரும் நண்டு ஒரு தொல்லை, நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். அசையாத நண்டு எனக்கு வரம். ஓய்வு, டிக், அடுத்தது. அன்றைக்கு முதல் தடவையாக அதன் வேகத்திலேயே ஓடவிட்டேன்.

முதுகில் வெள்ளையாக ஒரு சிப்பி ஒட்டிய சினை நண்டு ஒன்று இருந்தது. பொட்டுக்காரி என்று பெயர் வைத்தேன். கேபிளை ஒட்டி, கால்களை மடக்கி, பத்தொன்பது நாள் ஏறக்குறைய அதே இடத்தில் இருந்தாள். பத்தொன்பது நாளும் நான் ஓய்வு என்று டிக் போட்டிருக்கிறேன். வயிற்றுக்கடியில் கறுத்திருந்த முட்டை பிறகு சாம்பல் நிறமாகி, கடைசி வாரத்தில் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. அவள் மட்டுமில்லை, சுற்றிலும் நாற்பதுக்கு மேல் அப்படியே கிடந்தார்கள்.

படத்தோடு வந்த குறிப்பின்படி, பதினோராம் நாள் பழுது பார்ப்பதற்காகப் பத்து நிமிடம் மின்சாரத்தை நிறுத்தியிருக்கிறார்கள். அந்தப் பத்து நிமிடமும் பொட்டுக்காரி நடந்தாள். தடுமாறித் தடுமாறி, வெளிக்கடல் பக்கமாக. மின்சாரம் வந்தது. நின்றுவிட்டாள். அந்த நாளின் படிவத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். நகர்தலில் ஒரு டிக், ஓய்வில் ஒரு டிக். நானே போட்டது.

மேலாளரிடம் ஓடினேன். கெட்ட மனிதர் இல்லை. மின்சாரம் ஓடும் கம்பியைச் சுற்றிக் காந்தம் போல ஒன்று இருக்கும், நமக்குத் தெரியாது, நண்டுக்குத் தெரியும் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். படத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறிக்கையைத் திருத்த நாற்பது நாள் ஆகும் என்றார். புதுக் கேபிளுக்கான கருத்துக்கேட்பு வியாழக்கிழமை. முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அனுமதி கொடுத்த பிறகு பார்த்து என்ன, படையலா போடுவது என்று கேட்டுவிட்டேன். படம் கேபிள்காரர்களுடையது, வெளியே போகக் கூடாது என்று மட்டும் பதில் வந்தது.

ஆக, கையில் படம் இல்லை. வாய்தான் இருந்தது.

வியாழக்கிழமை கூட்டத்துக்குப் போனோம். பேச விரும்புகிறவர்களுக்குச் சீட்டு, ஒரு குடும்பத்துக்கு ஒன்று, ஒரு சீட்டுக்கு இரண்டு நிமிடம். எங்கள் குடும்பத்துச் சீட்டைத் தம்பி வாங்கியிருந்தான். மூன்று வாரமாகப் படகில் தனியாகப் பேசிப் பழகியிருந்தானாம். அந்தச் சீட்டில் என் பெயரை எழுதி, என் கையில் திணித்தான்.

“நீ பேசு. நான் பேசினா வயித்தெரிச்சல்ல உளர்றான்னுவாங்க. நீ கண்ணால பார்த்தவ.”

இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். பத்தொன்பது நாள், பத்து நிமிடம், உதிர்ந்த முட்டை, எல்லாம் இருந்தது. எனக்கு முன்னால் பேசிய கூண்டுக்காரர்கள் நண்டே கிடைப்பதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக் முன்னால் போய்க் காகிதத்தைப் பிரித்தேன்.

மேடையில் இருந்த அதிகாரி அம்மா அறிக்கையைப் புரட்டி, ஒன்பதாம் பக்கத்துக் கையெழுத்து என்னுடையதா என்று விசாரித்தார். ஆமாம் என்று தலையாட்டினேன். கோபமில்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“தினமும் பார்த்திருக்கீங்க. ஒரு நாள்கூட சந்தேகம் வரலையாம்மா?”

பதில் எனக்குத் தெரியும். எட்டு மடங்கு வேகம். அசையாத நண்டு வரம். ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நாக்கு நுனியில் நின்றது. முதல் வரிசையில் தம்பி இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய இரண்டு வருடத்தை நான் எட்டு மடங்கு வேகத்தில் ஓட்டித் தள்ளினேன் என்று அவன் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? காகிதத்தில் எழுத்து தெரிந்தது, வாய் திறக்கவில்லை. படி, படி, பாவி, படித்துத் தொலை என்று உள்ளே கத்துகிறேன். கால் நகரவில்லை, கை நகரவில்லை. மணி அடித்தது.

அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

இன்னும் ஒரு நிமிடம் கொடுங்கள் என்று கெஞ்சினேன். மைக்கை அணைத்திருந்தார்கள். பக்கத்து மேசையில் குமாஸ்தா ஒரு தாளைத் தள்ளிக் கையெழுத்துக் கேட்டார். பேச வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வரி, மூன்று கட்டம்: ஆதரவு, எதிர்ப்பு, கருத்து இல்லை. என் வரியில் மூன்றாவது கட்டத்தில் டிக் விழுந்திருந்தது. ஓரத்தில் குறிப்பு: ‘அமைதியாக நின்றார்.’

எதிர்ப்பு என்று மாற்றுங்கள் என்றேன். நேரம் முடிந்துவிட்டது, வாயே திறக்கவில்லையே நீங்கள் என்றார்.

தம்பி எழுந்து வந்து என் பின்னால் நின்றான். குறிப்பைப் படித்தான்.

“எங்கக்கா அமைதியா நிக்கல சார். நகர முடியாம நின்னா.”

குமாஸ்தா அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குனிந்து தாளை ஒருமுறை மேலிருந்து கீழே தேடினார்.

“அதுக்குக் கட்டம் இல்லைங்களே” என்றார்.