இரண்டாவது தடவை கேட்பார்கள்

பெரியக்கா அந்த நாட்டுக்கு வந்த முதல் மாதத்திலேயே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். இங்கே இருப்பவர்களுக்கு மனுஷரை உபசரிக்கத் தெரியாது.

வேலைக்குச் சேர்ந்த அன்று, டீ இடைவேளையில் ஒரு பெண் கேக் டப்பாவைத் திறந்து இவள் பக்கம் நீட்டினாள். விடிவதற்கு முன்பே வெறும் வயிற்றோடு கிளம்பி வந்தவளுக்குக் கேக்கைப் பார்த்ததும் நாக்கில் எச்சில் ஊறியது. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. "அய்யோ, வேண்டாங்க" என்றாள். அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு டப்பாவை மூடி, பைக்குள் வைத்து, ஜிப்பையும் இழுத்துவிட்டாள். பெரியக்காவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. அவள் வளர்ந்த வீட்டில் 'வேண்டாம்' என்றால் பேச்சு இனிமேல்தான் தொடங்குகிறது என்று அர்த்தம். இரண்டாவது தடவை கேட்பார்கள், மூன்றாவது தடவை கோபித்துக்கொள்வார்கள், அப்புறம் உங்களுக்காகத்தான் என்ற முகத்தோடு இரண்டு துண்டு எடுக்க வேண்டும். கேட்டவுடன் கையை நீட்டினால் காணாததைக் கண்டவள் என்று ஜன்மத்துக்கும் பேர்.

ஆறு பேருக்கு மூத்தவள் என்பதால் பெரியக்கா. கட்டியவர்கூட வம்புக்கு இழுக்கும்போது அப்படித்தான் கூப்பிடுவார். வந்து மூன்று வருஷத்தில் அவள் எல்லாவற்றுக்கும் பழகிவிட்டாள். குப்பையை நாலு விதமாகப் பிரித்துப் போடப் பழகினாள், இறங்கும்போது பஸ் டிரைவருக்கு நன்றி சொல்லப் பழகினாள், அந்த ஊர் மொழியையும் வேலைக்கும் சண்டைக்கும் போதுமான அளவு பிடித்துக்கொண்டாள். இந்த ஒன்று மட்டும் பிடிபடவில்லை. மாடி வீட்டுக்காரர் ஒருநாள் தபால் மாறி வந்துவிட்டதென்று கொடுக்க வந்தார். அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, உட்கார வைத்து ஒரு தட்டு சோறு போட்டு, அவர் அசந்த நேரம் பார்த்து இன்னொரு கரண்டியும் வைத்தாள். அன்றிலிருந்து அந்த மனிதர் தபாலைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு ஓடுகிறார்.

வேலை ஆஸ்பத்திரிகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் பெரிய சலவைக்கூடத்தில். ஈரம் பிழிந்து வரும் படுக்கை விரிப்புகளை நீளமான உருளை இஸ்திரி மெஷினுக்குள் இரண்டு பேர் மூலைபிடித்துக் கொடுக்க வேண்டும். மறுபக்கம் சுடச்சுட வெளியே வருவதை இரண்டு பேர் மடித்து, பத்துப் பத்தாக அடுக்க வேண்டும். ஈரம் கூடினால் துணி உருளையில் ஒட்டும், குறைந்தால் சுருக்கம் போகாது. பெரியக்கா விரல் நுனியால் தொட்டே சொல்லிவிடுவாள், இன்னும் ஒரு நிமிஷம் பிழியட்டும் என்று. அவள் நிற்கிற மெஷின் வருஷத்தில் ஒருநாள்கூட நின்றதில்லை.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். குட்டை முடி, காதில் பென்சில், எதையும் சுற்றி வளைக்காத பெண்மணி.

"இஸ்திரி செக்‌ஷனைப் பாத்துக்கிறவர் அடுத்த மாசம் ரிட்டயர் ஆகறார். அந்த வேலைய நீங்க எடுத்துக்கிறீங்களா? காலைல ஒம்போது மணிக்கு வந்தா போதும்."

ஒன்பது மணி! பெரியக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. இப்போது அவளுக்கு ஐந்து மணிக்கு வேலை. நாலேகாலுக்கே கிளம்ப வேண்டும். ஐந்தரைக்குக் கணவர் கோடவுனுக்குப் போய்விடுவார். பதினோரு வயசுப் பெண் அலாரம் வைத்துத் தானே எழுந்து, தானே தலை பின்னி, தானே சாப்பிட்டு, தானே கதவைப் பூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும். மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவிர ஒருநாளும் அந்தப் பிள்ளை கண்விழிக்கும்போது அம்மா வீட்டில் இருந்ததில்லை. இது பெரியக்காவின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது, யாரிடமும் சொன்னதில்லை.

மனசு எழுந்து குதித்தது. வாய் தன் பழக்கத்தை விடவில்லை.

"அய்யோ, எனக்கு எதுக்கு மேடம்? என்னைவிட நல்லா செய்றவங்க இருக்காங்க."

"வெளிப்படையா சொன்னதுக்கு நன்றி" என்றார் மேனேஜர். காதிலிருந்த பென்சிலை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார்.

சாயங்காலம் விஷயத்தைச் சொன்னபோது கணவர் முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"நீ என்ன சொன்னே?"

"வேணாம்னேன்."

"சரியாத்தான் சொல்லியிருக்கே. ரெண்டாவது தடவை கேப்பாங்க. அப்ப கொஞ்சம் யோசிக்கிற மாதிரி இருந்துட்டு ஒத்துக்கோ."

ஜாடிக்கேற்ற மூடி என்று சொல்வது இந்த ஜோடிக்கு அப்படியே பொருந்தும். செவ்வாய்க்கிழமை பெரியக்கா நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனாள். மேனேஜர் "குட் மார்னிங்" என்று சொல்லிவிட்டுப் போனார். புதன்கிழமை வேண்டுமென்றே மேனேஜர் அறைக்கு முன்னால் டிராலியை நிறுத்திச் சக்கரத்தைச் சரிபார்த்தாள். சக்கரம் நன்றாகத்தான் இருந்தது. மேனேஜர் எட்டிப்பார்த்து, "ரிப்பேருக்கு ஆள் அனுப்பவா?" என்றார், அவ்வளவே. வியாழக்கிழமை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது. இஸ்திரிப் பிரிவுப் பொறுப்புக்கு விருப்பமுள்ளவர்கள் வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குள் பெயர் எழுதவும். கீழே ஒரே ஒரு பெயர், விசில்காரருடையது.

அந்தப் பெயரை அவள் இரண்டு தடவை படித்தாள். விசில்காரர் நல்ல மனிதர்தான், இல்லையென்று சொல்லவில்லை. வேலை நேரம் பூராவும் விசிலடிப்பார். எலாஸ்டிக் வைத்த விரிப்பைக் கொடுத்தால் பந்தாகச் சுருட்டி, மேலே நாலு நல்ல விரிப்பைப் போட்டு மறைத்துவிடுவார். அவ்வளவுதான் அவர் கைவரிசை.

"உன்னை ஒரு வார்த்தை கேக்காம எப்படிப் போர்டுல போட்டாங்க?" என்று கணவர் சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு கொதித்தார்.

எதிரே ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்த பெண் தலையைத் தூக்காமல் சொன்னாள்: "கேட்டாங்கப்பா. அம்மா வேணாம்னு சொல்லிட்டாங்க. முடிஞ்சு போச்சு."

"வேணாம்னு சொன்னா உடனே விட்டுடுவாங்களா?"

"விட்டுடுவாங்க. மறுபடி கேட்டா மரியாதை இல்ல. நாம சொன்னதை நம்பணும்ல?"

மூன்று வருஷமாகத் தன்னை யாரும் உபசரிக்கவில்லை என்று குறைப்பட்டவளுக்கு, இத்தனை பேர் தன் பேச்சை நம்பியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. மாடி வீட்டுக்காரர் ஏன் ஓடுகிறார் என்பதும் கூடவே புரிந்து, காது சூடாகிப் போனது.

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு வேலை முடிந்தது. பலகைக்கு முன்னால் பேனாவோடு போய் நின்றாள். ஆனால் வேண்டாம் என்று வாயால் சொன்னதை மேனேஜர் குறித்து வைத்திருக்கிறாரே, பேரை மட்டும் எழுதினால் போதுமா? நேரில் போய் வேண்டும் என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தையை அவள் வாழ்க்கையில் சொன்னதே இல்லை. துணிக்கடையில் தங்கைகள் எடுத்தது போக மிச்சத்தைத்தான் எடுத்தாள். பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையைப் பிடித்துத்தான் இருந்தது, ரொம்பவே பிடித்திருந்தது. கேட்டதற்கு "உங்க இஷ்டம்" என்றாள். நல்லவேளை, அப்போது கேட்டவர்கள் நம் ஆட்கள்.

ஒன்றரைக்கு மேனேஜர் அறைக்குள் போனாள்.

"மேடம், மூணாம் நம்பர் மெஷின்ல சூடு கொஞ்சம் கம்மியா இருக்கு."

"சொல்லிடறேன். வேற?"

"நூல் பிரிஞ்ச விரிப்பு நிறைய வருது."

"சரி. வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

வெளியே வந்து சுவரோடு சாய்ந்துகொண்டாள். சீ, நீயெல்லாம் ஒரு பெரியக்காவா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நிமிஷம்தான் மிச்சம். கதவைத் தட்டாமலே உள்ளே நுழைந்தாள்.

"மேடம், அந்த வேலை எனக்கு வேணும்."

சொல்லிவிட்டு, கூரை இடிந்து விழுமோ என்பதுபோல் நின்றாள். மேனேஜர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"திங்கட்கிழமை வேண்டாம்னீங்க. உங்களைவிட நல்லா செய்றவங்க இருக்காங்கன்னும் சொன்னீங்க." அவர் மேஜையிலிருந்த ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அதில் செக்‌ஷனில் இருக்கும் பதினாலு பேரின் பெயரும் வரிசையாக இருந்தன. "நாலு நாளா நானும் பாத்துக்கிட்டிருக்கேன். உங்களுக்குத்தான் எல்லாரையும் தெரியும். அது யாருன்னு சொல்லுங்களேன்."

அந்தப் பெண்மணி கிண்டல் செய்யவில்லை. இவள் ஒப்புக்குச் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, நாலு நாள் கூடம் பூராவும் தேடியிருக்கிறார்! சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. இப்படி ஒருத்தர் தன் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்திருக்கும்போது இனியும் பொய் சொல்வது பாவம்.

"யாரும் இல்ல மேடம்" என்றாள். "இந்தக் கட்டடத்துல என்னைவிட நல்லா செய்றவங்க யாரும் இல்ல."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார் மேனேஜர். "திங்கட்கிழமை நேர்காணல். இதையே வந்து சொல்லுங்க."

சொன்னாள். விரல் நுனியால் ஈரம் பார்ப்பதைச் சொன்னாள், பந்தாகச் சுருட்டிய விரிப்புகள் எங்கே ஒளிந்திருக்கும் என்பதையும் ஆள் பெயர் சொல்லாமல் சொன்னாள். எதற்காக இந்த வேலை என்று கேட்டபோது, "காலைல என் பொண்ணைப் பாக்கணும்" என்றாள். வேலை அவளுக்கே கிடைத்தது. விசில்காரர் கைகுலுக்கி, ஒரு பாட்டு முழுசாக விசிலடித்துக் காட்டினார்.

புது நேரத்தின் முதல் நாள், ஆறே முக்காலுக்குப் பெண் கண்விழித்தபோது பெரியக்கா கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். பெண் பயந்து அலறிவிட்டது. அதன் பிறகு அந்த வீட்டில் அம்மாவுக்கு ஒரு வேலையும் இல்லை. பிள்ளை பல் தேய்க்கிற நேரம், ரொட்டி வாட்டுகிற நேரம், ஷூ மாட்டுகிற நேரம் எல்லாம் கணக்காக வைத்திருந்தது. பெரியக்கா எங்கே நின்றாலும் வழியில் நின்றாள். "தள்ளும்மா, லேட்டாகுது" என்று இரண்டு தடவை பாட்டும் வாங்கினாள்.

பை மாட்டிக்கொண்டு பெண் படியிறங்கியது. பெரியக்காவும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள். தெருமுனையில் பெண் நின்று திரும்பியது.

"எதுக்கும்மா வர்றே? எனக்குத்தான் வழி தெரியுமே."

துணைக்கு வருகிறேன், கடைக்குப் போகிறேன், ரோட்டில் வண்டி அதிகம் என்று வாய்க்குள் நாலு சாக்கு தயாராக இருந்தது. பெரியக்கா ஒன்றையும் எடுக்கவில்லை.

"உன்கூட நடக்கணும்னு எனக்கு ஆசையா இருக்கு."

பெண் ஒரு கணம் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, காலியான கையை நீட்டியது.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்றது.