காத்திருப்பவர்களுக்கு ஏழாம் நம்பர் பாட்டு

எங்கள் மேனேஜருக்கு உதிக்கும் யோசனைகள் எல்லாம் கடைசியில் என் தலையில்தான் விடியும். வாஷிங் மெஷின் பழுது என்று போன் செய்கிறவர்கள், நாங்கள் எடுப்பதற்குள் அலுத்துப்போய் வைத்துவிடுகிறார்களாம். காத்திருக்கும்போது கேட்க இதமாக ஒரு பாட்டுப் போடு என்றார். புகார்ப் பிரிவில் நாங்கள் மூன்றே பேர்: நான், கண்ணாடிக்காரர், ஜன்னலோரத்து அக்கா.

வீட்டில் அண்ணனைப் பிடித்தேன். நாற்பது வயதாகியும் பழைய வீடியோ கேமை விடாதவன். அதன் பாட்டுக் கோப்பைக் கொடுத்தான்.

"உள்ள இருபது பாட்டு இருக்கு. பேர் கிடையாது, நம்பர்தான். ஏழாம் நம்பரை எடு. தோட்டத்துல நடந்து போற பாட்டு, மனசே லேசாயிடும்."

அந்தப் பாட்டுகளுக்கு முடிவு என்பதே இல்லை. ஆடுகிறவன் அடுத்த கட்டத்துக்குப் போகும்வரை சுற்றிச் சுற்றி வரும். எத்தனை சுற்று, எங்கே தேய்ந்து மறைய வேண்டும் என்று பிளேயர் மென்பொருளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். சொன்னேன். ஐந்து நிமிடப் பாட்டை மூன்றே விநாடியில் பதிவு செய்து கொடுத்துவிட்டது. உட்கார்ந்து கேட்க எனக்கு வேறு வேலை இல்லையா என்ன? அப்படியே கொண்டுபோய் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் போன் செய்தவர்கள் எல்லோரும் மூச்சிரைக்கப் பேசினார்கள்.

"மெஷின் சுத்தல, தண்ணி இறங்கல, இதான் விலாசம், சீக்கிரம் ஆளை அனுப்புங்க!"

அரை நிமிடத்தில் கொட்டிவிட்டு வைத்துவிட்டார்கள். எப்போதும் மாமியாரிடமிருந்து கதையை ஆரம்பிக்கும் ஒரு அம்மாகூட அன்றைக்கு மெஷினைத் தாண்டவில்லை. சந்தேகம் வந்து, மதியம் நானே எங்கள் எண்ணுக்கு அடித்துப் பார்த்தேன். தோட்டமாவது, நடையாவது! தலைக்கு மேல் கூரை இடிந்து விழ, உயிர் பிழைத்தால் போதும் என்று ஓடும்போது வருகிற பாட்டு அது. அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டதும்தான் புரிந்தது: அவனுடைய பிளேயர் பாட்டுகளைப் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது, என்னுடையது ஒன்றிலிருந்து. அவன் ஏழு எனக்கு எட்டு.

மாற்றியிருப்பேன். அதற்குள் மேனேஜர் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார். ஒருவரும் பாதியில் வைக்கவில்லையாம், வேலை பாதி நேரத்தில் முடிகிறதாம். பாராட்டு என்ன கசக்கவா செய்யும்? பாட்டை அப்படியே விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இந்த வேகத்துக்கு ரெண்டு பேரே போதும்மா. அக்காவை இந்த மாசத்தோட அனுப்பிடலாம்னு இருக்கேன்."

அக்கா வீட்டில் சம்பாதிப்பது அவர் ஒருவர்தான். ஒன்றும் தெரியாமல், வழக்கம்போல் ஆரஞ்சை உரித்து எனக்குப் பாதி நீட்டினார். வாங்கி மேஜையில் வைத்தேன். விளையாட்டுப் புத்தியால் அவர் சோற்றில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேனே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அழுது என்ன ஆகப்போகிறது? வீட்டுக்குப் போனதும் கோப்பைத் திறந்து, இந்த முறை இருபதையும் ஒழுங்காகக் கேட்டேன். பன்னிரண்டாவது, விளையாட்டின் நாயகன் சத்திரத்தில் படுத்துத் தூங்கும் பாட்டு. மொத்தமே நான்கு விநாடி. எண்பது சுற்று வைத்து, வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன்.

அண்ணன் கொட்டாவி விட்டான். "இதைப் போட்டா போன் பண்றவங்க தூங்கிடுவாங்கடி."

"நல்லாத் தூங்கட்டும்."

திங்கட்கிழமை ஒருவர் மெஷின் வாங்கப் போன நாளிலிருந்து ஆற அமரச் சொல்லிக்கொண்டு வந்தார். மாமியார் கதை இரண்டு கிளைக் கதைகளோடு திரும்பி வந்தது. கண்ணாடிக்காரருக்குக் கிடைத்தது வெறும் குறட்டை. எழுப்ப மனமில்லாமல் ஆறு நிமிடம் காத்திருந்தார். ஒருவரும் போனை வைக்கவில்லை. அக்கா எல்லோரிடமும், "ம்ம், சொல்லுங்க," என்று நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மதியம் மேனேஜர் வந்து திரையைப் பார்த்தார். பதினேழு பேர் வரிசையில் இருந்தார்கள். நான் குனிந்த தலை நிமிரவில்லை.

"ஏம்மா," என்றார் தலையைச் சொறிந்துகொண்டு, "மூணு பேர் பத்தாது போலிருக்கே. உனக்குத் தெரிஞ்சவங்க யாராவது வேலை தேடறாங்களா?"