ஆற்றுக்குப் பிறந்தவன்

கீழ்த்தெருவுக்குள்ளும் தண்ணீர் புகுந்துவிட்டது என்று காவற்காரன் வந்து சொன்னதும், தேரோன் எழுந்து அரச அங்கியைக் கழற்றி முக்காலியின் மேல் போட்டான்.

"நான் போறேம்மா. அப்பாகிட்ட பேசிட்டு வர்றேன்."

அவன் அப்பா என்றது கெரீதஸ் ஆற்றை. அந்த மலைநாட்டில் அதைக் கேட்டு யாரும் சிரிக்க மாட்டார்கள். அவன் தாய் நிகரேத்தேயின் கணவர், சில தெருக்களும் ஓர் ஆலிவ் தோப்புமே ராஜ்யமாகக் கொண்ட கிழ அரசர்; அவருக்குப் பிள்ளையில்லை. ஒரு நாள் அவள் ஆற்றில் குளித்துவிட்டு வந்து, ஆற்றுத்தேவன் தன்னைத் தொட்டுவிட்டான் என்றாள். கிழவர் கோபப்படவில்லை. காளை வெட்டி ஊருக்கே விருந்து வைத்தார். அதன்பின் பாடகர்கள் அந்த வம்சத்தைக் கடலிலிருந்து தொடங்கினார்கள்: கடல் ஆற்றைப் பெற்றது, ஆறு தேரோனைப் பெற்றது. கேட்டுக் கேட்டு, சில நாள்கள் அவளே அதை நம்பியிருக்கிறாள்.

இன்று நம்ப முடியவில்லை. கதவைச் சாத்தினாள்.

"உங்கப்பன் ஆறு இல்லடா. தாமோன்னு ஒரு ஆட்டுக்காரன். மந்தையோட ஒரு கோடையில வந்தான், போயிட்டான்."

தேரோன் அவளை இரக்கத்தோடு பார்த்தான். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"நான் செத்துருவேன்னு பயந்துக்கிட்டு, உம் மானத்தையே விக்கிறியேம்மா." நெற்றியில் முத்தமிட்டுவிட்டுப் போய்விட்டான்.

அவள் தலைத்துணியில்லாமல் பின்னால் ஓடினாள். கரையில் ஊரே நின்றது. "ராசா, உங்கப்பாரு எங்க வயலைக் கொஞ்சம் திருப்பித் தரச் சொல்லுங்க!" என்று தச்சன் லைக்கோஸ் கத்த, சனம் சிரித்தது. தேரோனும் சிரித்தான். சிரித்தபடியே இறங்கினான். செந்நீரில் வேரோடு ஒரு மரம் உருண்டு போனது; அதன் பின்னே ஊதிப்போன ஆடு. ஆற்றின் பிள்ளைக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க யாருக்கும் தோன்றியதில்லை.

உண்மையை ஊர் முன்னால் சொன்னால் தன்னைக் கல்லாலடிப்பார்கள். கொழுந்தன் மகன்கள் அன்றைக்கே அரியணை கேட்டு அரண்மனைக்குள் நுழைவார்கள். தண்ணீர் அவன் இடுப்பைத் தாண்டியது.

"அவன் ஆத்துக்குப் பொறக்கல!" அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே தெரியவில்லை. "ஆட்டுக்காரனுக்குப் பொறந்தவன்! எம் புருஷன் சமாதி மேல ஆணை!"

சிரிப்பு நின்றது. பக்கத்தில் நின்ற பெண்கள் மெல்ல விலகினார்கள். தேரோன் திரும்பினான். கணவர் சமாதியின் மேல் அவள் பொய் சொல்ல மாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். முகம் வெளுத்தது. முதல்முறையாகத் தண்ணீரைக் குனிந்து பார்த்தான், அது எவ்வளவு ஆழம் என்பதுபோல.

"அம்மா," என்றான். "காலு நிக்கல."

யாரும் அசையவில்லை. அரசனுக்குக் கை கொடுப்பதா, ஆட்டுக்காரன் மகனுக்கா என்று விளங்காதவர்கள்போல நின்றார்கள். நிகரேத்தே ஆற்றில் இறங்கினாள். முழங்கால் வரை, பிறகு தொடை வரை. கையை நீட்டினாள். அவனும் நீட்டினான். இரண்டு கைகளுக்கும் நடுவே சேறும் சுள்ளியுமாக ஆறு ஓடிக்கொண்டிருந்தது.