சோத்தாங்கைப் பக்கம் ஒரு நூல்

ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு, மறு கண்ணை இரும்புப் பைப்பின் நுனிக்கு நேராக வைத்து நெடுகப் பார்த்துக்கொண்டிருக்கிறார் நாச்சிமுத்து, முக்காலியில் உட்கார்ந்தபடி, இடது கை யாருடையதோ போல மடியில் கிடக்கிறது, ஆறடி தள்ளிப் பைப் வளைக்கிற பெண்டரின் மிதியில் வலது காலை ஊன்றி அதன் நீளக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்கிறாள் அவர் மனைவி தனபாக்கியம், ஒரு வளைவு போட்டாயிற்று, இது இரண்டாவது, கூரைக்குக் கீழே ஓடுகிற பீமைச் சுற்றிப் போக ப எழுத்து மாதிரி வர வேண்டும், முதல் வளைவு செங்குத்தாக நிற்கிறபோது மிதித்தால்தான் பைப்பின் இரண்டு காலும் ஒரே நேரில் வரும், ஒரு நூல் பிசகினாலும், ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்றுதான், பைப் முறுக்கிக்கொண்டு ஒரு கால் அந்தரத்தில் நிற்கும். சோத்தாங்கைப் பக்கம் ஒரு நூல் திருப்பு புள்ள, என்கிறார். அவள் திருப்புகிறாள், திருப்பினால் கோணல் என்று தெரிந்தே திருப்புகிறாள். இன்னொரு நூல், ஆங், அங்கதான், மிதி. மிதிக்கிறாள். எப்படி நிக்குது பாரு, என்று அவர் முகம் மலர்கிறது, ஆமாங்க, என்கிறாள் அவள், வேறென்ன சொல்வாள்.

திருப்பூருக்கு வெளியே ஒரு புது பனியன் கம்பெனி ஷெட் இது, பஞ்சு பறக்கிற இடத்தில் கரண்டு வயர் ஓடப் பிளாஸ்டிக் பைப் ஆகாது என்று எல்லாம் இரும்பிலேயே, நாள் முழுக்க மிதித்து இடுப்பு கழன்றுபோகிறது, ஆனால் இடுப்புவலி ஒரு வலியா, மார்கழியில் ஒரு விடிகாலை பல் தேய்த்துக்கொண்டிருந்த மனுசன் கையிலிருந்து பிரஷ் நழுவ, அதை எடுக்கக் குனிந்தவர் அப்படியே சரிந்தாரே, அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை, பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி, இடது கை போயிற்று, இடது காலை இழுத்து இழுத்து நடக்கிறார், கடைசி நாளில் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, கண்ணில் ஒரு குறையும் இல்லம்மா, இடது பக்கத்த மூளைதான் வாங்கல, எது நேரு எது சாய்வுன்னும் அவருக்குப் பிடிபடாது, பிடிபடலைங்கறதும் அவருக்குத் தெரியாது, என்றார், அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, வீட்டுக்கு வந்து சோறு போட்டபோதுதான் விளங்கியது, தட்டில் வலது பாதியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இன்னுங் கொஞ்சம் போடு புள்ள, என்று கேட்கிறார், இடது பாதி போட்டது போட்டபடி இருக்கிறது. அவள் தட்டை மெல்லத் திருப்பி வைத்தாள். புதுசாகப் போட்டாள் என்று நினைத்து அதையும் சாப்பிட்டார். அன்றிலிருந்து மூன்று வேளையும் தட்டைத் திருப்பி வைக்கிறாள், ஒருவரிடமும் சொல்லவில்லை, கை போனதற்கு அவர் அழவில்லை, கால் போனதற்கும் அழவில்லை, கண்ணு இருக்குதில்ல, இனி நீ மிதி, நான் பாத்துச் சொல்றேன், என்று பங்குனியில் அவராகத்தான் எழுந்து சட்டை மாட்டினார், அந்தக் கண்ணும் இல்லை என்று தெரிந்தால் மறுநாள் இந்த மனுசன் எழ மாட்டார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார், அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் அவள் அப்படிப் படுத்துக் கிடந்தவள்.

அப்போது மகள் வேணிக்கு மூன்று வயது, காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு போனார்கள், நாலாம் நாள் வெறுங்கையோடு திரும்பினார்கள், அதோடு பாக்கியம் படுத்தாள், ஐந்து மாசம், தலை சீவவில்லை, வாய் திறக்கவில்லை, சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த இடம் ஒன்று பாதம் மாதிரி இருக்கும், அதையே பார்த்துக்கொண்டு கிடந்தாள், இப்போது நினைத்தாலும் அந்தச் சுவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நிற்கிறது, அவர் கஞ்சியை ஊட்டிவிட்டுப் போவார், ஏதாவது பேசிப் பார்ப்பார், ஒரு நாள் காலை கட்டிலோரம் உட்கார்ந்து, பல்லடத்துல ஒரு மில்லு வேல, மிதிக்கறவன் கண்ணுக்குக் கோணல் தெரியாது, எட்ட இருந்து பாக்க ஒரு ஆளில்லாம வேல நிக்குது, நீ பேசவெல்லாம் வேண்டாம், பாத்தாப் போதும், என்று கெஞ்சினார், வேலை கெட்டுப்போகிறதே என்றுதான் எழுந்தாள், தொத்தல் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனாள், முதல் நாள் பார்த்தாள், சும்மா பார்த்தாள், இரண்டாம் நாளும் அப்படித்தான், அவர் மிதியில் காலை வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தபடி நின்றார், வெயில் தகரக் கூரை வழியாக இறங்கியது, டீக்காரன் வந்து போனான், மூன்றாம் நாள், சோத்தாங்கைப் பக்கம் சாயுதுங்க, என்று அவள் வாயிலிருந்து வந்தது, ஐந்து மாசத்துக்கு அப்புறம் வந்த முதல் பேச்சு, தன் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது, அவர் திருப்பி மிதித்தார். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருசம் அவர் மிதிக்க அவள் பார்த்தாள், என் பெண்டாட்டி கண்ணு ரசமட்டம், என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லித் திரிந்தார், கூசினாலும் அவளுக்கு அதில் ஒரு கர்வம் உண்டு, நான் இல்லாவிட்டால் இவர் வேலை ஓடாது என்கிற கர்வம், அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் பிழைத்தாள்.

இப்போது மதியம் சாப்பிட்டு மாத்திரை போட்டதும் அவர் கண் அசந்துவிடுவார், அதற்காகவே காத்திருந்து அவள் புதுப் பைப் எடுப்பாள், தனியாக வளைத்துத் தரையில் படுக்க வைத்துப் பார்ப்பாள், நேராக இருந்தால் அசையாமல் படுத்திருக்கும், கோணலாக இருந்தால் டொக் டொக் என்று ஆடும், பங்குனியில் முதல் கோணல் பைப்பை வெறுப்போடு கீழே போட்டபோது தற்செயலாகத் தெரிந்துகொண்டது அது, காலையில் அவர் பார்த்துச் சொன்னவற்றை அறுத்துத் துண்டாக்கிச் சாக்கில் ஒளித்துவிட்டு நல்லதைக் கூரையில் ஏற்றிவிடுவாள், சாயங்காலம் அவர் அண்ணாந்து பார்த்து, கண்ணு இருக்கிற வரைக்கும் கவலையில்ல, என்பார். இன்று என்னவோ அவர் தூங்கவில்லை. டொக் டொக் என்று கேட்டு அவள் பின்னால் வந்து நிற்கிறார், அறுப்பதற்காக அவள் தரையில் போட்டது காலையில் அவர் முகம் மலர்ந்த பைப், வலக்கையால் அதன் தூக்கலான காலை அழுத்துகிறார், எதிர்க்கால் எழும்புகிறது, அதை அழுத்த இது எழும்புகிறது, பக்கத்தில் அறுத்த துண்டுகளும் திறந்த சாக்கும் இருக்கின்றன. எத்தன நாளாப் புள்ள, என்கிறார். பங்குனியில இருந்துங்க. எல்லாமா. எல்லாமுங்க. எனக்கு நேராத்தான தெரியுது, என்று குழந்தை மாதிரிச் சொல்கிறார், அப்படியென்றால் கண்ணும் போயிற்றா என்று அவர் கேட்பதற்குள் அவளுக்கு வாய் பதறி, கண்ணு எதுக்குங்க, தரையில வெச்சா அதுவே சொல்லிருது, யாரும் பாக்கவே வேண்டீதில்லீங்க, நானே கண்டுபுடிச்சேன், என்று சொல்லிவிட்டாள், சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள், ஆறுதல் என்று நினைத்து அவருக்கு மிஞ்சியிருந்த ஒன்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டாளே.

அவர் பைப்பிலிருந்து கையை எடுத்தார். தரையில வெச்சா ஆடும்னு எனக்குத் தெரியாதா புள்ள, என்றார், பல்லடத்துலயே தெரியுமே, பைப் வளைக்கறவன் எவனுக்குந் தெரியும்.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது, இருபத்திரண்டு வருசம், எத்தனை ஆயிரம் பைப், ஒவ்வொன்றுக்கும் கண்ணை இடுக்கிப் பார்த்துச் சொன்னேனே, ஒன்றுக்குக்கூட நான் தேவைப்படவில்லையா, அப்புறம் எதுக்குங்க என்னை, என்று கேட்க வாயெடுத்தவள் கேட்கவில்லை, மிதியில் காலை வைத்துக்கொண்டு இரண்டு நாள் வேலை ஓடாமல் அவள் முகத்தையே பார்த்து நின்ற ஆள் கண்ணில் வந்துவிட்டான், தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள், வேணிக்காக அன்றைக்கு அழாததையும் சேர்த்து அழுதாள். அவர் வலக்கையை அவள் தலைமேல் வைத்தார், பிறகு காலை இழுத்துக்கொண்டு முக்காலிக்குப் போய் உட்கார்ந்தார். அவள் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து புதுப் பைப் ஒன்றை எடுத்து முதல் வளைவைப் போட்டாள், திருப்பி வைத்தாள், மிதியில் காலை ஊன்றினாள், பாருங்க, என்றாள். எதப் பாக்கறது புள்ள, என்றார் அவர். பாத்துச் சொல்லுங்க, நான் நிக்கறேன். அவர் ஒரு கண்ணை மூடுகிறார், மறு கண்ணைப் பைப்பின் நுனிக்கு நேராக வைக்கிறார், சொல் ஒன்றும் வரவில்லை, வெளியே செங்கல் லாரி வந்து நிற்கிறது, இறக்குகிறார்கள், போகிறது, அவள் மிதியிலிருந்து காலை எடுக்காமல் அவர் முகத்தைப் பார்த்தபடி நிற்கிறாள்.