பதினேழு கைப்பிடி

நாகநாதன் வரப்பில் ஏறி நின்று வயலைப் பார்த்தான். ஒரு ஏக்கர் முழுக்கக் கத்திரிப்பூ நிறத்தில் நிற்க வேண்டிய பயிருக்குள் பச்சை தலையை நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்றிரண்டு என்றால் பார்க்காதது மாதிரி போய்விடலாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் பச்சை, அதுவும் களை பறித்து முடித்துவிட்டதாகச் சொல்லி அனுப்பிய வயலில். திருப்புல்லாணியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஐந்து மைல் கார்த்திகைச் சேற்றில் நடந்து வந்த அலுப்பெல்லாம் எரிச்சலாக மாறித் தலைக்கு ஏறியது.

நாகநாதன் அரசாங்க ஆராய்ச்சிப் பண்ணையில் மேஸ்திரி. இந்த நெல்லுக்கு அங்கே பெயர் கிடையாது, எண்தான்: முன்னூற்று நாற்பத்தொன்று. ஐந்து வருஷத்துக்கு முன்னால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில், பொடிக் கத்தரிக்கோலும் காகித உறையுமாக வெயிலில் உட்கார்ந்து, ஊதா இலை நெல்லின் பூவில் இந்தச் சீமையின் சித்திரைக்கார் மகரந்தத்தைத் தட்டிவிட்டவன் அவன்தான். அரிசி அப்பனைப் போலச் சிவப்பு. தவிடு போகாமல் குத்திக் கஞ்சி வைத்தால் உடம்பில் வலு தங்கும். இலை ஆத்தாளைப் போல ஊதா. அந்த ஊதாவில்தான் அவனுக்கு உயிரே இருந்தது.

இந்தப் பக்கத்தில் நாற்றுப் பாவி நடும் வழக்கமில்லை. ஆவணிப் புழுதியில் விதையை வீசிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மழை விழுந்ததும் நெல் முளைக்கும். நெல்லைப் போலவே வேஷம் போட்டுக்கொண்டு காட்டு நெல்லும் புல்லும் முளைக்கும். எது எது என்று பிரிக்கப் பெண்கள் பயிருக்குள் முகத்தைப் புதைத்து நாள்கணக்கில் குனிந்து கிடக்க வேண்டும். பயிரே ஊதாவாக இருந்துவிட்டால் அந்தப் பாடு இல்லை. பச்சையாக எது நின்றாலும் களை. பிடுங்கி எறிந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். கண் மங்கிய பெண்கூடக் களை பறிக்கலாம். அவன் அம்மா பிச்சையம்மாள் கண் மங்கித்தான் களை வேலையை இழந்தாள்.

வெள்ளிக்கிழமை ஆபீசர் குருநாதன் வயலைப் பார்க்க வருகிறார். நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் வேற்றுப் பயிர் இருந்தால் இது விதை இல்லை. விதை இல்லை என்றால் பண்ணைப் பட்டியலில் அந்த எண்ணின் மேல் கோடு விழும், அந்த இடத்தில் வேறு எண் வந்து உட்காரும். இன்றைக்குப் புதன்.

களைக் கூட்டத்துக்குத் தலைவி கருத்தம்மாள் அடுத்த வயலில் நின்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவனைப் பார்த்ததும் சேற்றுக் கையை உதறிக்கொண்டு வந்தாள்.

"என்னக்கா இது?"

"எது தம்பி?"

"பச்சை. பச்சையா எது நின்னாலும் பிடுங்குங்கன்னு எத்தனை தடவ சொன்னேன்?"

"புல்லப் பூராம் பிடுங்கிட்டோமே. இது நெல்லு."

"நெல்லுதான். பச்சை நெல்லு. அதையும் பிடுங்கணும்."

கருத்தம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். பஸ்ஸில் யாரோ இவனுக்கு எதையோ ஊற்றிக்கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பாள்.

"நெல்லப் பிடுங்கச் சொல்றீகளா?"

நாகநாதன் குனிந்து ஒரு பச்சைத் தூரை விரித்துப் பார்த்தான். சந்தேகமே இல்லை, நெல்தான். அவனே தைத்து, அரக்கு முத்திரை வைத்த மூட்டை. விதைக்கிற அன்றைக்கு அவனே பிரித்தான். அதற்குள் இது எப்படி வந்தது? வயலின் சொந்தக்காரர் செல்லச்சாமி வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். பின்னாலேயே, மேஸ்திரிக்கு மோர் கொண்டுவந்த சாக்கில், அவர் மனைவி ராமலெட்சுமி. நாகநாதன் கேட்டதும் செல்லச்சாமி வயலோரத்துக் கொட்டகையின் கூரையை ஆராய ஆரம்பித்தார். ராமலெட்சுமிதான் ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னாள்.

"அது சாமி நெல்லு தம்பி. சித்திரை மொத நாளு நல்லேர் பூட்டி உழுவுறப்ப வீட்டுக்கு வீடு நெல்லு கொண்டாந்து அம்மன் கோயில்ல ஒரே ஓலைக் கடகத்துல கொட்டிக் கலந்து, ஆளுக்கொரு பிடி எடுத்துட்டுப் போவோம்ல. வெதைக்கிற அன்னிக்கு அதச் சொந்த வெதையோட சேத்துருவோம். ஒங்க ஊர்ல இல்லையா?"

அவன் ஊரிலும் உண்டு. அதுதான் கொடுமை. அரசாங்கச் சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகு சித்திரை ஒன்றாம் தேதியெல்லாம் பண்ணை வரப்பிலேயே கழிந்ததில் அந்த நினைப்பே அவனை விட்டுப் போயிருந்தது.

"ஒரு பிடிக்கு இவ்வளவு வராதே அக்கா."

"எங்க வீட்டுப் பிடி ஒண்ணுதான். அரசாங்க நெல்லு, அசலூர்ல இருந்து தனியா வந்திருக்கு, நம்மதான் சேத்துக்கிடணும்னு பதினேழு வீட்டுக்காரவுகளும் ஆளுக்கொரு பிடி போட்டாக. நீங்களும் அங்கனதான் நின்னீக, கண்ண மூடிக் கும்பிட்டுக்கிட்டு."

பதினேழு கைப்பிடி. முத்திரை வைத்து, பூட்டி, எலிக்கும் மனுஷனுக்கும் பயந்து காத்த விதையில், அவன் கண்ணை மூடிய அரை நிமிஷத்தில், மொத்த ஊரும் அன்போடு மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறது. யாரைத் திட்டுவது? திருட வந்தவனைத் திட்டலாம், வஞ்சம் வைத்துக் கெடுத்தவனைத் திட்டலாம். வாழ்த்துச் சொல்ல வந்தவர்களை என்ன செய்வது? இருந்தாலும் திட்டாமல் இருக்க முடியவில்லை. சாமி பேரைச் சொன்னால் எதை வேண்டுமானாலும் செய்யலாமா என்று செல்லச்சாமியைக் கேட்டான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று ராமலெட்சுமியைக் கேட்டான். கடைசியில் கருத்தம்மாள் பக்கம் திரும்பினான்.

"களை பறிக்கிறப்ப நான்தான் ஊர்ல இல்ல. ஊதா எது, பச்சை எதுன்னுகூடவா ஒனக்குத் தெரியல? கண்ணு தெரியாதவளுக்கு வயல்ல என்ன சோலி?"

சொன்ன வாய் மூடுவதற்குள் அவனுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அவன் அம்மா களையோடு சேர்த்து ஒரு சாண் நெல்லைப் பிடுங்கிவிட்ட நாளில், வயலுக்குச் சொந்தக்காரர் வரப்பில் நின்று கத்தியது இதே வார்த்தைதான். எழுத்துக்கு எழுத்து. "ஏலே, ஒங்காத்தாளக் கூட்டிக்கிட்டுப் போ" என்று பத்து வயசு நாகநாதனிடம் களைக்கொத்தை எறிந்தார் அவர். அம்மா அன்றைக்கு நெல்லைப் பிடுங்கியதற்காகப் பேச்சு வாங்கினாள். இவள் நெல்லைப் பிடுங்காததற்காக வாங்குகிறாள். இதற்காகவா ஐந்து வருஷம் கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்திருந்தோம் என்று அவனுக்கே வெறுத்துவிட்டது.

"தப்பாப் பேசிட்டேன் அக்கா" என்றான். கருத்தம்மாள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். அவள் வரும்வரை செல்லச்சாமி மறுபடியும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமி நெல்லப் பிடுங்கி எறிய மாட்டோம். அது ஆகாது" என்றாள் வந்ததும். "ஒங்களுக்கு இது இங்கன இருக்கக் கூடாது, அம்புட்டுத்தானே?"

"அம்புட்டுத்தான்."

"வேரோட தோண்டி எடுத்து அங்கன நட்டுட்டா?" பக்கத்தில் விதை பிடிக்காமல் திட்டுத் திட்டாகக் கிடந்த செல்லச்சாமியின் வயலைக் காட்டினாள். "சொட்டை விழுந்த எடத்துல பயிர எடுத்து நடுறதுதான. அதுல பாவமும் இல்ல, பழியும் இல்ல."

ராமலெட்சுமி யோசித்து, அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று தீர்ப்புச் சொன்னாள். சும்மா கிடந்த வயலுக்குப் பயிர் வருவதில் செல்லச்சாமிக்கு ஆட்சேபணை இருக்க வழியில்லை. மத்தியானக் கஞ்சி குடித்துவிட்டு ஒன்பது பெண்கள் இறங்கினார்கள்.

வியாழன் சாயங்காலத்துக்குள் வயல் முழுக்கக் கத்திரிப்பூ நிறமாக நின்றது. நாகநாதன் நான்கு வரப்பிலும் மூன்று சுற்றுச் சுற்றினான். ஒரு பச்சை இல்லை. செல்லச்சாமியைத் தனியாக அழைத்து, ஆபீசரிடம் கடகம், கைப்பிடி என்று எதையும் அவிழ்த்துவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டான். பெண்களிடம் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. ஆபீசர் அவர்களிடம் என்ன கேட்கப்போகிறார்?

ஆபீசர் அவர்களிடம்தான் கேட்டார். குருநாதன் கெட்டவர் இல்லை, கண் இருக்கிறவர். ஊதா வயலை எண்ணிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத் திரும்பியவர், பக்கத்து வயலைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இந்த ஊர்ல நடவே கிடையாதேம்மா. இது நட்ட பயிரா இருக்கே, எங்கேயிருந்து வந்தது?"

"இந்தா, இந்தக் கத்திரிக்கா நெல்லு வயல்ல இருந்துதாங்கய்யா எடுத்து வச்சோம்" என்றாள் கருத்தம்மாள், ஒரு வேலையைச் சுத்தமாக முடித்தவளின் பெருமையோடு. கேட்டதற்கு மேலேயும் சொன்னாள். கடகம் வந்தது, அம்மன் வந்தாள், பதினேழு வீடும் வரிசையாக வந்தது. நாகநாதன் கண்ணைக் காட்டியதெல்லாம் காற்றோடு போயிற்று.

குருநாதன் நோட்டை மூடினார். "எடுத்தது சரிதான் நாகநாதன். ஆனா பதினேழு வீட்டு நெல்லுல ஊதாத் தண்டு உள்ள நாட்டு ரகம் ஒண்ணுகூட இல்லைன்னு எழுதித் தருவீங்களா? இருந்தா இந்த ஊதாவுக்குள்ள கண்ணுக்குத் தட்டுப்படாதே."

நாகநாதனால் எழுதித் தர முடியாது. அப்படிப்பட்ட ரகம் இந்தப் பக்கம் உண்டு என்று அவருக்குப் பண்ணையில் காட்டியதே அவன்தான்.

"விதைன்னு முத்திரை போட முடியாது. இதை விட்டுடுங்க, அடுத்த எண்ணைப் பாப்போம்" என்றார். பிறகு செல்லச்சாமியிடம், "சாப்பாட்டு நெல்லா அறுத்துக்குங்க. உங்க நெல்லு, உங்க இஷ்டம். நல்ல சத்துள்ள அரிசி" என்று சொல்லிவிட்டு ஜீப் நின்ற பாதையில் நடந்தார். அவ்வளவுதான். ஐந்து வருஷம் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.

நாகநாதன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஊர் மேல், அம்மன் மேல், நோட்டின் மேல், கண்ணை மூடிக் கும்பிட்ட தன் மேல். கருத்தம்மாள் செல்லச்சாமியிடம் எதையோ பேசிவிட்டு அவனிடம் வந்தாள்.

"தம்பி, இந்த வயல் அறுப்புக்கு எங்க கூலிய இந்த நெல்லாவே அளக்கச் சொல்லிருக்கேன். எத்தன நாள் காயப்போட்டு எடுத்து வைக்கணும்?"

"கஞ்சிக்கு எத்தன நாள் காஞ்சா என்ன?"

"கஞ்சிக்கு இல்ல, வெதைக்கு. கம்மாக்கரையில எனக்கொரு துண்டு இருக்கு. இவளுகளுக்கும் அங்கன இங்கன கொஞ்சம் கெடக்கு."

நாகநாதனுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "அதான் இது வெதை இல்லன்னு சொல்லிட்டுப் போயிட்டாரே. காது கேட்டுச்சா இல்லையா?"

"கேட்டுச்சு." அவள் வரப்பில் அவனுக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். "எங்க கூட்டத்துல பூமயில்னு ஒருத்தி. ரெண்டு வருசமா அவளுக்குக் கண்ணு சரியாத் தெரியல. நடு வரிசையில வச்சு, அவ பங்கையும் நாங்களே பறிச்சு மறைச்சுக்கிட்டு வாரோம். தெரிஞ்சா வேல போயிரும்ல. நேத்து இந்த வயல்ல அவதான் எல்லாரையும் விட முந்தி எடுத்தா. நிமிந்து நின்னுக்கிட்டே கண்டுபிடிச்சு எடுத்தா தம்பி. கருப்புக்குள்ள பச்சை பளிச்சுன்னு தெரியுதுன்னு சாயந்தரம் பூராம் அதே பேச்சு."

வயலில் பெண்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் யார் பூமயில் என்று நாகநாதனுக்குத் தெரியவில்லை. அவ்வளவு நன்றாக மறைத்து வைத்திருந்தார்கள்.

"முத்திரை இல்லக்கா. பேருகூடக் கெடையாது இதுக்கு" என்றான். குரல் இறங்கியிருந்தது.

"அதெல்லாம் எங்களுக்கெதுக்கு? மொளைக்குமா, மொளைக்காதா? அத மட்டும் சொல்லுங்க."

"மொளைக்கும்" என்றான் நாகநாதன். "மூணு நாள் காயப்போடுங்கக்கா."