பை மாற்றும் பரீட்சை

பிளம்பரின் குடலில் இருந்த புற்றுநோய்க் கட்டியை எடுத்துவிட்டார்கள். வயிற்றில் ஒரு துளை வைத்து, மலம் வெளியேற அதன்மேல் ஒரு பையையும் ஒட்டினார்கள். ஊரார் வீட்டுக் குழாய் ஒழுகலையெல்லாம் ஆயுசு பூரா குனிந்து பார்த்த மனிதர் தன் வயிற்றை மட்டும் பார்க்கவில்லை. நர்ஸ் பை மாற்றும்போதெல்லாம் மின்விசிறியைப் பார்த்தார்.

அந்த வார்டில் வயதானவர்களுக்குப் பாடம் எடுக்க ஒரு குழுவே இருந்தது. டாக்டர், நர்ஸ், உணவு நிபுணர், உடற்பயிற்சிக்காரர் எல்லோரும் சேர்ந்தே வருவார்கள். சொல்லிக்கொடுத்ததை நோயாளி திருப்பிச் சொல்லி, செய்தும் காட்ட வேண்டும். காட்டினால்தான் வீடு. பிளம்பர் வீட்டுக்குப் போகத் துடியாய்த் துடித்தார்.

குழு கட்டிலைச் சுற்றி நின்றது.

“பையை எப்ப காலி பண்ணணும், ஐயா?” என்றார் டாக்டர்.

“மூணுல ஒரு பங்கு ரொம்பினதும்,” என்றாள் மனைவி.

“தோலை எதால துடைக்கணும்?”

“வெதுவெதுப்பான தண்ணி,” என்றாள் மனைவி.

உணவு நிபுணருக்கும் அவளே பதில் சொன்னாள். உடற்பயிற்சிக்காரருக்கு எழுந்து நடந்தே காட்டினாள்.

“அம்மா பாஸ்,” என்றாள் நர்ஸ். “அவங்க வீட்டுக்குப் போகலாம். ஐயா இருக்கட்டும்.”

“அவருக்கு எதுக்கு சிஸ்டர் இதெல்லாம்? நான் இல்லையா?”

“நீங்க கடைக்குப் போனப்ப பை கழண்டா?”

“போக மாட்டேன்.”

“ஆயுசுக்குமா?”

நர்ஸ் அவளை வராந்தாவில் உட்காரவைத்து, திரையை இழுத்துவிட்டாள். குழு காத்திருந்தது.

பிளம்பர் வழக்கம்போல மின்விசிறியைப் பார்த்தார்.

“என்னால அவளும் வீட்டோட கெடக்கணுமா, சிஸ்டர்?”

“அவங்கதான் சொன்னாங்களே.”

நர்ஸ் பழைய பையைக் கழற்றியதும் பிளம்பர் குனிந்தார். சிவப்பாக, ஈரமாக, ஒரு ரோஜா மொட்டு அளவுக்கு இருந்தது அந்தத் துளை. அவ்வளவுதான். இதற்கா இத்தனை நாள் கழுத்து வலித்தது என்று இருந்தது.

முதல் பை விரலில் ஒட்டிக்கொண்டது.

“நெசமாவே பிளம்பர்தானா நீங்க?” என்றாள் நர்ஸ்.

“குழாய் அசையாம இருக்கும்மா. இது மூச்சு விடுது.”

இரண்டாவது பை ஒட்டியது. லேசாகக் கோணல். டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, சாயங்காலம் போகலாம் என்றார்.

மனைவி திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். “ஏங்க, சரியா ஒட்டினீங்களா? காட்டுங்க, பார்ப்போம்.”

பிளம்பர் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டார்.

“உனக்கு எதுக்குடி அதெல்லாம்? போய்த் துணிமணியை எடுத்து வை.”