இரண்டும் ஒரே சத்தத்தில்

1

இந்தக் கதை ஒரு குமிழில் பிறந்தது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ். நேற்று அதை ஒழுங்காக வைத்திருந்தால் எனக்கு இந்த அவஸ்தையும் இல்லை, உங்களுக்கு இந்தக் கதையும் இல்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "இசை என்பது காற்றில் எழுதப்பட்ட" [வேண்டாம். தம்பி படித்தால் சிரிப்பான்.] அப்புறம் இப்படி: "செயற்கைக்கோள் வானொலியில் வேலை பார்க்கும் ஒருவனுக்குத் திடீரென்று" [திடீரென்று ஒன்றும் நடக்கவில்லை.] சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் தம்பிக்குக் காது மங்குகிறதோ என்று பயமாக இருக்கிறது. அந்தக் காதுதான் அவனுக்குச் சோறு போடுகிறது.

2

தம்பி வேலை பார்க்கும் செயற்கைக்கோள் வானொலிக்கு வானத்தில் கிடைக்கும் இடம் கொஞ்சம்தான். புதுச் சேனல் ஒன்று ஏற வேண்டுமென்றால், கூட்டமான பஸ்ஸில் போல மற்றவை ஒடுங்கி உட்கார வேண்டும். ஒடுங்கும்போது ஒலியில் எதையாவது கழிப்பார்கள். சி.டி.யில் முழுசாக இருக்கும் பாட்டு இப்படித்தான் மெலிகிறது. இணையத்தில் ஓடும் பாட்டுக்கும் கொஞ்சம் அதே கதிதான். எந்த இடத்தில் கெடுகிறது என்று கேட்டுச் சொல்வது தம்பியின் வேலை.

அவனுக்குப் பாம்புக்காது என்று பெயர் வைத்ததே நான்தான். சின்ன வயதில் அம்மாவிடம் நான் பொய் சொன்னால், அடுத்த அறையிலிருந்தே "அக்கா குரல் மேல போகுது" என்பான். அடி எனக்கு, பெயர் அவனுக்கு. அது இப்போது அவன் அலுவலகம் வரை போய்விட்டது.

நாளை காலை அங்கே இப்படிக் கேட்டுச் சொல்கிறவர்களின் காதையே சோதிக்கப்போகிறார்கள். தேறாதவர்களுக்குக் கேட்கும் அறையில் இனி இடமில்லை. பெண்டாட்டியிடம் மூச்சு விடாமல் என் வீட்டுக்கு வந்து ஒத்திகை பார்க்கிறான்.

3

ஒத்திகை இதுதான். அவன் எனக்கு முதுகைக் காட்டி உட்காருவான். ஒரே பாட்டை சி.டி.யில் ஒரு தடவை, கைப்பேசி வழியாக இணையத்தில் ஒரு தடவை போடுவேன். எது முதலில் என்பது என் இஷ்டம். எது சி.டி. என்று அவன் சொல்ல வேண்டும். வித்தியாசம் நன்றாகத் தெரியட்டும் என்று, கைப்பேசியில் டேட்டாவை மிச்சம் பிடிக்கும் குறைந்த தரத்தை வைக்கச் சொன்னான்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்: "ரெண்டும் ஒரே சத்தத்துல இருக்கணும்க்கா. எது சத்தமா இருக்கோ அதுதான் நல்லா இருக்கற மாதிரி தோணும். காது அவ்வளவு ஏமாளி."

அளக்க ஒரு கருவியும் கொடுத்தான். முதல் பாட்டுக்கு அளந்தேன். எல்லாவற்றுக்கும் அதுவே போதும் என்று விட்டுவிட்டேன். இணையச் சேவை, சத்தமான பாட்டுகளைத் தானாகவே தணித்துப் போடும் என்பது எனக்குத் தெரியாது. அடுத்து வந்த ஒவ்வொரு பாட்டிலும் சி.டி. ஒரு பிடி உரக்கவே ஒலித்தது.

அவன் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னான். பல நாள் கழித்து வயிறு நிறையச் சாப்பிட்டான்.

[கதையை இங்கேயே முடித்திருக்கலாம். விதி யாரை விட்டது?]

4

அவன் பால்கனியில் பெண்டாட்டியோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது, சும்மா இருக்காமல் மறுபடி அளந்தேன். குட்டு வெளிப்பட்டது. இரண்டையும் சமமாக்கி, அவன் வந்ததும் மறுபடி போட்டேன்.

தப்பாகச் சொன்னான்.

"சரி" என்றேன்.

இன்னொன்று. அதுவும் தப்பு. அதற்கும் "சரி" என்றேன். அடுத்தது நிஜமாகவே சரி. அதற்கடுத்தது தப்பு. காசைச் சுண்டிப் போட்டாலும் இப்படித்தான் வரும்.*

ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பீர்கள். அவன் முதுகைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்? வந்தபோது தூக்கி நின்ற தோள்கள் அப்போதுதான் இறங்கியிருந்தன.

* எனக்கு வித்தியாசம் தெரிகிறது, அதுதான் கொடுமை. நேற்று போட்ட ஒரு மேடைப் பதிவின் கடைசியில் வரும் கைதட்டலில், எல்லோரும் ஓய்ந்த பிறகும் யாரோ ஒருவர் தட்டிக்கொண்டே இருப்பது சி.டி.யில் தனியாகக் கேட்கிறது. இணையத்தில் அவர் இல்லை. காய்ந்த எண்ணெயில் தண்ணீர் பட்ட சத்தம்தான் இருக்கிறது.

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் உண்மையைச் சொல்கிறேன். அவன் சோதனைக்கே போகாமல் டாக்டரிடம் போகிறான். மற்றதில் வாயை மூடிக்கொள்கிறேன். அவன் நம்பிக்கையாகப் போய், கூட வேலை செய்கிறவர்கள் முன்னால் தோற்கிறான். இரண்டையும் அடித்துவிட்டேன்.

எழுதும்போதுதான் உறைத்தது. பொய் சொன்னால் என் குரல் மேலே போகுமே. நேற்றைய "சரி"களை அவன் எப்படி நம்பினான்? ஒன்று, அது அவன் காதில் விழவில்லை. இல்லையென்றால், விழுந்தும் எனக்காகச் சும்மா இருந்தான். எது

[இன்றும் வந்திருக்கும் தம்பி அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டான். போய் உட்கார்ந்தேன். மிச்சத்தை அங்கிருந்தே எழுதுகிறேன்.]

6

"கடைசியா ஒரு தடவை, அந்தக் கைதட்டல்" என்றான். நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். இரண்டையும் போட்டேன், ஒரே சத்தத்தில். கடைசியாகத் தட்டுகிறவர் இரண்டாவதில்தான் இருந்தார்.

"முதல்ல வந்ததுதானே சி.டி.?" என்று கேட்டான். கண்ணைத் திறக்கவில்லை. அவன் இப்போது பாட்டைக் கேட்கவில்லை, என்னைக் கேட்கிறான்.

ஒரு வார்த்தைதான் பதில். நான் "ஆமாம்" என்று சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். காட்டிக்கொடுத்தும் அவனுக்குக் கேட்காமல் போனால்? அதை என்னால் தாங்க முடியாது. அதனால் நீங்கள் சொல்லுங்கள். பக்கத்தில் வந்து, சத்தத்தைக் கூட்டாமல் சொல்லுங்கள். காத்திருக்கிறான்.